மியாவோ ஊர்களுக்கு மாணவர் பயணம்: ஒரே ஊரில் இரண்டு இரவு தங்கிப் பார்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

முதல் முறை மாணவர்களை அழைத்துக்கொண்டு சீனாவின் குய்சோ மாகாணத்து மியாவோ ஊர்களுக்குப் போனபோது, நான்கு நாளில் ஏழு ஊர்களைக் காட்டிவிட்டேன். திரும்பும் ரயிலில் ஒரு மாணவியிடம் எந்த ஊர் பிடித்தது என்று கேட்டேன். அவளுக்கு ஊர்ப் பெயர்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன. "பஸ் நின்ற இடத்தில் ஒரு பாட்டி மடித்த துணியை மரச்சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்களே, அது மட்டும் நினைவிருக்கிறது. எதற்காக சார் அடித்தார்கள்?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. பஸ் அங்கே நின்றது ஐந்து நிமிடம்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் ஊர்களைக் குறைத்தேன், இரவுகளைக் கூட்டினேன். சீனாவில் படிக்கும் நம் மாணவர்களுக்கும், அங்கே குழு அழைத்துச் செல்ல எண்ணும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்று, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: பெயரைச் சொல்லிக்கொடுங்கள்

இதை ரயில் ஏறும் முன்பே செய்துவிட வேண்டும். 'மியாவோ' என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பூனை நினைவு வரும், வகுப்பே சிரிக்கும். ஊருக்குள் போய் அப்படிச் சிரித்தால் அது அவமதிப்பு. அந்தச் சீன எழுத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். கீழே வயல், மேலே புல். அதன் பொருள் நாற்று. எழுத்தைப் பார்த்தபின் யாரும் சிரிப்பதில்லை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சீனாவில் மியாவோ மக்கள் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர். மற்ற எந்த மாகாணத்தையும்விட குய்சோவில்தான் அதிகம் பேர் வாழ்கிறார்கள். ஹுனான், யுன்னான், குவாங்ஷி பகுதிகளிலும் இருக்கிறார்கள். 'மியாவோ' என்பது அரசு வைத்திருக்கும் பொதுப்பெயர். நாம் போகப்போகும் தென்கிழக்கு குய்சோவில் அவர்கள் தங்களை 'ஹ்மு' என்று சொல்லிக்கொள்கிறார்கள். வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வாழும் ஹ்மோங் மக்கள் இவர்களுக்கு உறவினர்கள்தாம். ஆனால் ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாது. 1950களில் ஹ்மு மொழிக்கு லத்தீன் எழுத்துமுறை ஒன்று வகுக்கப்பட்டது. அதில் சொல்லின் கடைசியில் வரும் மெய்யெழுத்தை ஒலிக்கக்கூடாது. அது தொனியை, அதாவது சொல்லை உச்சரிக்கும் குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் அடையாளம். மொழியில் ஆர்வமுள்ள மாணவருக்கு இதைச் சொல்லிவைத்தால் ஊர்ப் பலகைகளை விடாமல் படிப்பார்.

அவர்களுடைய படைப்புக் கதையையும் சொல்லுங்கள். மேப்பிளைப் போன்ற இலைகளுள்ள ஒரு மரத்திலிருந்து பட்டாம்பூச்சித் தாய் பிறந்தாள். அவள் 12 முட்டைகள் இட்டாள். அவற்றிலிருந்து முதல் மனிதனும், இடியும், டிராகனும், புலியும், எருமையும் வந்தன. இந்தக் கதை தெரியாமல் போனால் பூத்தையலில் இருக்கும் பட்டாம்பூச்சி வெறும் அலங்காரமாகத்தான் தெரியும். தெரிந்துகொண்டு போனால் அது தாயின் முகம்.

இரண்டாம் படி: காலம்

அக்டோபர் 1 முதல் ஒரு வாரமும், மே தின விடுமுறையும் வேண்டவே வேண்டாம். சீனாவே அப்போது பயணத்தில் இருக்கும்.

அறுவடை முடிந்த அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும் மிக நல்ல காலம். லெய்ஷான் மாவட்டத்தில் மியாவோ புத்தாண்டு பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வரும். வசந்தத்தில் போவதானால் சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதம் 15ஆம் நாளையொட்டி, தைஜியாங் மாவட்டத்து ஷிதோங்கில் 'சகோதரிகள் உணவு' விழா. பெண்கள் செடிச்சாறுகளால் நிறமேற்றிய ஒட்டரிசிச் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி இளைஞர்களுக்குக் கொடுப்பார்கள். உள்ளே இரண்டு குச்சிகள் இருந்தால் விருப்பம், மிளகாயோ பூண்டோ இருந்தால் மறுப்பு. ஐந்தாம் மாதம் 24 முதல் அதே ஊரை ஒட்டிய சிங்ஷுய் ஆற்றில் டிராகன் படகு விழா. மூன்று மரங்களைக் குடைந்து இணைத்த படகு. துடுப்புப் போடுபவர்கள் நின்றபடியே போடுகிறார்கள்.

விழா நாளில் போனால் ஊர் ஒளிரும், ஆனால் பேச ஆள் கிடைக்காது. மாணவர் பயணத்துக்கு நான் விழா முடிந்த மறுவாரத்தையே தேர்ந்தெடுப்பேன். எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், துணிமணி இன்னும் வெளியே காயும், கதை சொல்ல நேரம் இருக்கும்.

மழைக்குத் தயாராகப் போங்கள். குய்சோவைப் பற்றி ஒரு பழமொழி உண்டு: மூன்று நாள் தொடர்ந்து வெயில் இல்லை, மூன்று லீ (சுமார் ஒன்றரை கிலோமீட்டர்) தூரம் சமதரை இல்லை, மக்களிடம் மூன்று காசு வெள்ளி இல்லை. அப்படிச் சொல்லப்பட்ட மண்ணில்தான் ஒரு பெண் கிலோக் கணக்கில் வெள்ளி அணிந்து விழாவுக்கு வருகிறாள். ஏன் என்ற கேள்வியை மாணவர்களிடம் முன்பே விட்டுவிடுங்கள். பதிலை அவர்களே தேடிக்கொண்டு வரட்டும்.

மூன்றாம் படி: தடம் போடுதல்

ஆறு நாள் போதும். மாகாணத் தலைநகர் குய்யாங்கிலிருந்து அதிவேக ரயிலில் கைலி தெற்கு நிலையம் சுமார் 40 நிமிடம். குவாங்சோ பக்கமிருந்து வருபவர்களுக்கு 2014இல் திறந்த குய்யாங்–குவாங்சோ அதிவேகப் பாதை இருக்கிறது. மியாவோ, தோங் இனங்களின் தன்னாட்சிப் பகுதிக்குக் கைலிதான் தலைநகர். அங்கிருந்து வேன் ஒன்றை ஓட்டுநரோடு அமர்த்திக்கொள்ளுங்கள். மலைப்பாதை முழுவதும் வளைவுகள். வாந்தி வரும் பிள்ளைகளை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். உயரத்தால் வரும் மூச்சுத்திணறலுக்கு இங்கே இடமில்லை, அவ்வளவு உயரமில்லை.

நான் இப்போது பின்பற்றும் தடம் இது. முதல் நாள் கைலி வந்து சேர்வது. இரண்டாம் நாள் பகலில் சிஜியாங், மாலையில் லாங்தே. லாங்தேயில் இரண்டு இரவு. நான்காம் நாள் தன்சாய் மாவட்டம். அங்கே ஷிச்சியாவோ, பைமோ ஊர்களைப் பார்த்துக்கொண்டு இரண்டு இரவு. ஆறாம் நாள் திரும்புவது.

சோங்ஜியாங் மாவட்டத்து பாஷாவைப் பலர் சேர்க்கச் சொல்வார்கள். ஆண்கள் குடுமி வைத்து, தோளில் துப்பாக்கி தாங்கி நிற்கும் ஊர். குழந்தை பிறந்தால் ஒரு மரம் நடுவதும், இறந்தவரைக் கல்லறைக் கல் இல்லாமல் புதைத்து அவ்விடத்தில் மரம் வைப்பதும் அங்கே வழக்கம். ஆழ்ந்து பார்க்க வேண்டிய ஊர் அது. ஆனால் தூரம் அதிகம். போனால் அதற்கென்றே தனிப் பயணமாகப் போங்கள், போகிற போக்கில் துப்பாக்கியோடு படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

நான்காம் படி: கடவுச்சீட்டு, பணம், போன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து 30 நாள் வரை விசா வேண்டாம். சீனாவிலேயே படிப்பவர்கள் வசிப்பு அனுமதி ஒட்டிய அசல் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்; நகல் உதவாது. ரயில் டிக்கெட் அதன் பெயரில்தான் கிடைக்கும், நிலையத்தில் அதைக் காட்டித்தான் உள்ளே போக முடியும்.

தங்கும் விஷயத்தில் ஒன்றை மறக்காதீர்கள். வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் காவல் நிலையத்தில் பதிவாக வேண்டும். விடுதியானால் அவர்களே செய்துவிடுவார்கள். ஒருவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டியது உங்கள் பொறுப்பு. என் இரண்டாம் பயணத்தில் ஒரு தங்கும் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்த பிறகுதான் வெளிநாட்டவரைப் பதியத் தெரியாது என்றார். இரவு ஒன்பது மணிக்கு 14 மாணவர்களோடு மழையில் நின்றோம். அதிலிருந்து, முன்பதிவு செய்யும்போதே எல்லோருடைய கடவுச்சீட்டுப் பக்கங்களையும் அனுப்பி, 'பதிவு செய்வோம்' என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுகிறேன்.

பணத்துக்கு அலிபே அல்லது வீசாட் செயலியில் வெளிநாட்டு அட்டையை இணைத்துக்கொள்ளலாம். அதோடு சில்லறை யுவான் தாள்களும் வேண்டும். பாட்டிமாரிடம் வாங்கும்போது தாள்தான் எளிது. வாட்ஸ்அப்பும் கூகுளும் உள்ளூர் இணையத்தில் வேலை செய்யா. வெளிநாட்டு சிம்மின் ரோமிங்கில் வேலை செய்யும். வீட்டாரோடு பேசும் வழியைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: ஊரில் ஓர் ஆள்

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சீனம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் மட்டும் போதாது. வயதான பெண்கள் பலருக்குச் சீனம் வராது, ஹ்மு மட்டுமே வரும். ஆகவே அந்த ஊரிலேயே பிறந்து, வெளியூரில் படித்த இளைஞர் ஒருவர் வேண்டும். தங்கும் வீட்டுக்காரரிடமோ உங்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடமோ கேட்டால் பெரும்பாலும் கிடைப்பார். அவருக்கு நாள் கூலி பேசிக் கொடுங்கள், நட்புக்காக வரச் சொல்லாதீர்கள்.

ஊரில் வேலை செய்யும் வயதினர் குறைவாகவே கண்ணில் படுவார்கள். பலர் குவாங்தோங், செஜியாங் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளை வளர்ப்பது தாத்தா பாட்டிதான். அந்தப் பிள்ளைகளுக்கு மிட்டாய், பேனா என்று வாரி வழங்குவதை மாணவர்களிடம் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். ஒரு முறை கொடுத்தால் அடுத்து வருபவரிடம் கை நீட்டும் பழக்கம் வந்துவிடும். விளையாடுங்கள், அது போதும். பந்து ஒன்று கொண்டுபோனால் மொழியே தேவைப்படாது. தைஜியாங் மாவட்டத்து தைபான் என்ற மியாவோ ஊரில் புதுநெல் உண்ணும் விழாவையொட்டி நடக்கும் கூடைப்பந்துப் போட்டி 2022இல் சீனா முழுவதும் பேசப்பட்டது. இந்தப் பகுதியில் மைதானம் இல்லாத ஊரே அரிது.

ஆறாம் படி: இரண்டு ஊர், இரண்டு கணக்கு

சிஜியாங் 1,000 வீடுகளுக்கு மேல் உள்ள ஊர். பைஷுய் ஆற்றின் கரையில் இரண்டு குன்றுகள் முழுவதும் மரவீடுகள். 2008இல் மாகாணச் சுற்றுலா மாநாடு நடந்த பிறகு பெரிய சுற்றுலாத் தலமாகிவிட்டது. நுழைவுக் கட்டணம் உண்டு. மாணவர் அட்டையைக் காட்டிச் சலுகை கேளுங்கள். காட்சி மேடையிலிருந்து ஒரு முறை பாருங்கள். வாடகை உடையில் படம் எடுக்கும் கூட்டத்தையும் பாருங்கள். மூன்று மணி நேரம் போதும்.

சிஜியாங்கில் வெறுப்போடு நடக்க வேண்டியதில்லை. அங்கே நுழைவுக் கட்டண வருவாயில் 18 சதவீதம் மரவீடுகளைப் பேணும் குடும்பங்களுக்குப் பகிரப்படுகிறது. இதைக் குறித்துக்கொண்டு லாங்தேக்கு வாருங்கள்.

லாங்தே சின்ன ஊர். 1980களின் நடுவிலேயே விருந்தினருக்குக் கதவு திறந்தது. அங்கே பல பத்தாண்டுகள் நடந்த முறை வேறு. விருந்தினர் வந்தால் ஊரார் அனைவரும் பங்கு கொள்ளலாம். வரவேற்பில் நின்றவர், ஆடியவர், குழல் வாசித்தவர், முழு வெள்ளி அணிந்து வந்தவர், சும்மா வந்து நின்ற கிழவர், குழந்தை என்று ஒவ்வொருவருக்கும் வேலைப் புள்ளி. வருமானம் புள்ளிக் கணக்கில் பிரியும். மேடை ஏற முடியாத முதியவருக்கும் பங்கு உண்டு, ஏனென்றால் ஊரைக் கட்டியவர்கள் அவர்கள்.

மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து இந்த இரண்டு கணக்குகளையும் விசாரிக்கச் சொல்லுங்கள். யாருக்கு எவ்வளவு, யார் முடிவு செய்கிறார், யார் விடுபடுகிறார் என்ற மூன்று கேள்விகளே போதும். பொருளியல் வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் வராத விவாதம் அன்றிரவு அடுப்படியில் வரும்.

லாங்தேயின் ஆடுகளம் கூழாங்கல் பதித்தது. வெண்கல முரசின் முகத்தில் இருக்கும் சூரியக் கதிர்களைப் போலக் கற்களை அடுக்கியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில், அப்போது சீனாவை ஆண்ட சிங் அரசுக்கு எதிராக மியாவோ மக்கள் 1855 முதல் 1872 வரை நடத்திய பெரும் கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரான யாங் தாலியு இந்த ஊர்க்காரர். அவருடைய வீடும் இங்கே இருக்கிறது. ஆடல் பாடல் ஊர் என்று மட்டும் நினைத்து வந்தவர்கள் அந்த வீட்டின் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

ஏழாம் படி: வீட்டுக்குள் நுழையும் முன்

வீடு ஃபிர் மரத்தால் ஆனது. பொளியும் கூருமாக இணைத்துச் சரிவில் தூண் ஊன்றிக் கட்டியது. கீழ்த்தளம் கால்நடைக்கும் விறகுக்கும், நடுத்தளம் மனிதருக்கு, மேல்தளம் தானியத்துக்கு. நடுத்தளத்தில் வெளியே சாய்ந்த கைப்பிடியோடு நீண்ட திண்ணை இருக்கும். பூத்தையல் நடக்கும் இடம் அதுதான். அழைக்காமல் போய் உட்காராதீர்கள்.

வாசலில் வைக்கோல் முடிச்சோ ஒடித்த கிளையோ தொங்கினால் உள்ளே போகக்கூடாது. வீட்டில் யாருக்கோ உடல்நலமில்லை, அல்லது பிரசவம், அல்லது சடங்கு என்று பொருள். அடுப்பின் மேல் இருக்கும் இரும்பு முக்காலியை மிதிப்பதும் தாண்டுவதும் பெரும் தவறு. படம் எடுக்கும் முன் கேளுங்கள். தலையாட்டிய பிறகும் குழந்தைகளை நெருக்கத்தில் எடுக்காதீர்கள்.

ஊர் வாசலில் எருமைக் கொம்பில் அரிசி மது நீட்டுவார்கள். கையால் கொம்பைத் தொட்டால் முழுவதையும் குடித்தாக வேண்டும். ஆகவே இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டில் மட்டும் பட வையுங்கள். குடிக்காதவர்கள், வயது வராதவர்கள் யார் என்று முதல் நாளே ஊர் ஆளிடம் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்துவதில்லை. அந்த இடத்தில் முகம் சுளித்து ஒதுங்குவதுதான் மனத்தைப் புண்படுத்தும்.

எட்டாம் படி: சாப்பாடு

மூன்று நாள் புளிப்பு சாப்பிடாவிட்டால் நடை தள்ளாடும் என்பது அங்குள்ள சொல்வழக்கு. அரிசி கழுநீரைப் புளிக்கவைத்துச் செய்வது வெள்ளைப் புளிப்பு. தக்காளியையும் மிளகாயையும் ஜாடியில் நொதிக்கவைப்பது சிவப்புப் புளிப்பு. வயலில் நெல்லோடு வளர்ந்த கெண்டையை அதில் வேகவைத்து, எலுமிச்சை வாசம் வீசும் லிட்சியா எண்ணெய் இரண்டு சொட்டு விடுவார்கள். ரசத்தில் வளர்ந்த நாக்குக்கு இது முதல் கரண்டியிலேயே பழகிவிடும்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது பன்றிக் கொழுப்பு. கீரையை வதக்குவதும் அதில்தான். 'இறைச்சி, மீன், பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம். முட்டை சாப்பிடுவார்' என்பது போல ஒவ்வொரு மாணவருக்கும் சீனத்தில் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரவுக்கு முன் நண்பகலிலேயே சமைப்பவரிடம் கொடுங்கள். ஒட்டரிசிச் சோறு, தோஃபு, காட்டுக்கீரை, மிளகாய்த் துவையல் எல்லாம் கிடைக்கும். ஊறுகாய் ஒரு புட்டி எடுத்துப் போங்கள், ஆனால் பரிமாறியதைத் தொடாமல் அதைத் திறக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: கைத்தொழிலில் ஒரு முழு நாள்

தன்சாயின் ஷிச்சியாவோவில் காகிதம் செய்கிறார்கள். காகித மல்பெரி மரப்பட்டையை ஆற்றில் ஊறவைத்து, சுண்ணாம்போடு அவித்து, அலசி, இடித்து, கூழாக்கி, மூங்கில் சல்லடையில் அள்ளுகிறார்கள். ஒரு பட்டறை பெரிய பாறைக் குகைக்குள் இருக்கிறது. பழைய நூல்களைச் செப்பனிட இந்தக் காகிதம் பயன்படுகிறது. சல்லடையை மாணவர்கள் கையில் கொடுத்தால் முதல் மூன்று தாள் கிழியும். கிழியட்டும்.

பைமோ மெழுகு ஓவிய ஊர். இங்கே அவசரமே கூடாது. ஓர் அம்மையார் மடியில் பலகை, பலகை மேல் வெள்ளைத் துணி, பக்கத்தில் உருகிய தேன்மெழுகுக் கிண்ணம். கையில் பித்தளைத் தகடுகளை அடுக்கிச் செய்த சிறு கத்தி. மெழுகில் தோய்த்து, கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் துணியில் இழுக்கிறார். பென்சில் கோடு எதுவும் இல்லை; நகத்தால் ஒரு கீறல், அவ்வளவுதான். சுழல் ஒன்று மையத்திலிருந்து விரிகிறது. வோத்துவோ என்று அதற்குப் பெயர். முன்னோரை நினைத்து மேலாடையின் தோளிலும் கையிலும் வரைவது. மெழுகு ஆறிவிட்டால் கோடு துணிக்குள் இறங்காது, சூடு கூடினால் பரவிவிடும். அவர் கத்தியைத் தூக்கும் நேரத்தை மாணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

பிறகு நீலத் தொட்டி. உள்ளே போன துணி பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகிறது. மெழுகைக் கொதிநீரில் நீக்கினால் வெள்ளைச் சுழல் தெரியும். நம் ஊர் அவுரி வேறு செடி. இங்கே சாயம் தருவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் குறிஞ்சியோடு ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. இதைச் சொன்னபோது நீலகிரியிலிருந்து வந்த ஒரு மாணவன் அந்த இலையை எடுத்து நெடுநேரம் முகர்ந்துகொண்டிருந்தான்.

நீலத்தில் பலமுறை தோய்த்த துணியில் முட்டை வெள்ளைக்கரு பூசி, மடித்து, கல்லின் மேல் வைத்து மரச்சுத்தியலால் அடிக்கிறார்கள். அடிக்க அடிக்கத் துணி செம்பு கலந்த ஊதாவாகப் பளபளக்கும். விழா உடைக்கு அதுதான் துணி. முதல் பயணத்து மாணவி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். மூன்றாம் பயணத்தில் லாங்தேயில் ஒரு பாட்டி சுத்தியலை எங்களிடமே கொடுத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் தோள் வலித்தது. அவர் ஒரு துணிக்கு நாள் கணக்கில் அடிக்கிறார்.

பத்தாம் படி: வாங்குதல்

சுற்றுலாக் கடைத்தெருவில் தொங்கும் பூத்தையலில் பெரும்பகுதி இயந்திரத்தில் தைத்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையலில் முடிச்சும் நூல் தாவலும் சீரில்லாமல் இருக்கும். வெள்ளி என்று விற்பதில் பல வெண்செம்பு எனும் செம்புக் கலவை. உண்மையான வெள்ளி வேண்டுமானால் லெய்ஷானின் கோங்பாய் போன்ற வெள்ளிக்கொல்லர் ஊரில், செய்தவர் கையிலிருந்து சிறியதாக ஒன்று வாங்குங்கள்.

கைவேலைக்குப் பேரம் பேசுவதைப் பற்றி என் கருத்து இது: எத்தனை நாள் ஆனது என்று முதலில் கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு பேரம் பேச வாய் வந்தால் பேசுங்கள். பாட்டியின் பழைய மேலாடை, குழந்தை சுமக்கும் துணி போன்ற குடும்பப் பொருள்களை, அவர்களே விற்க முன்வந்தாலும் மாணவர்கள் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லிவிடுகிறேன். அவை போனால் அந்த வீட்டுப் பேத்திக்குப் பார்த்துத் தைக்க மாதிரி இருக்காது.

திரும்பிய பின்

எடுத்த படங்களைத் தாளில் அச்சிட்டு அனுப்புங்கள். வீசாட்டில் அனுப்பினால் குவாங்தோங்கில் இருக்கும் மகனுக்குப் போகும். பாட்டிக்குச் சுவரில் மாட்டத் தாள்தான் வேண்டும். தங்கிய வீட்டு முகவரியைச் சீன எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். ஒவ்வொரு படத்தின் பின்னும் எடுத்த நாளையும் மாணவரின் பெயரையும் எழுதுங்கள். கடைசிப் பயணத்தில் நாங்கள் 31 படங்கள் அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து, அங்கே எங்களுக்குத் துணை வந்த ஊர் ஆள் ஒரு படம் அனுப்பியிருந்தார். திண்ணைச் சுவரில் ஒன்பது படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. நடுவில், சுத்தியலைத் தலைக்கு மேல் ஓங்கியபடி எங்கள் மாணவன்.